குழாயின் பளபளப்பும் தொட்டியின் உயரமும்

வீடு கட்டி முடிகிற தறுவாயில், கையிருப்பு கரைந்து, கொத்தனாருக்கும் தச்சருக்கும் தரவேண்டிய பாக்கி மட்டும் மனத்தில் நிற்கிற சமயத்தில்தான், குளியலறை வாஷ் பேசினுக்கு எந்தக் குழாயைப் பொருத்துவது என்ற விஷயம் ஆலோசனைக்கு வருகிறது. கதவுக்கும் ஜன்னலுக்கும் மாதக்கணக்கில் யோசித்த குடும்பம், தரைக் கல்லின் நிறத்துக்காகக் கடை கடையாக ஏறி இறங்கிய குடும்பம், இந்தக் குழாயைப் பத்து நிமிஷத்தில் தேர்ந்தெடுத்துவிடுகிறது. ஆனால் வீட்டிலுள்ள சாமான்கள் அனைத்திலும், விடிந்தது முதல் படுக்கப் போகும்வரை, குழந்தை முதல் கிழவர் வரை எல்லாருடைய கையும் தவறாமல் படுகிற பொருள் எது என்று கேட்டால், தலைவாசல் கதவைக்கூட இரண்டாவது ஸ்தானத்தில்தான் வைக்க வேண்டியிருக்கும்.

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கமோ வண்ணார்பேட்டைப் பக்கமோ ஒரு சானிடரி கடைக்குள் நுழைந்தால், கழுத்து நீண்டு வளைந்தவையும், சதுரமாகச் செதுக்கி நிறுத்தியவையும், கறுப்பும் பொன்னும் செம்பு நிறமும் பூண்டவையுமாகக் குழாய்கள் சுவர் நெடுக மின்னிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் ஒன்றிலும் ஒரு சொட்டு நீர் வருவதில்லை. தண்ணீருக்காகவே உண்டான ஒரு கருவியை, தண்ணீர் படாத சுவரில் பார்த்து, வடிவத்தை மாத்திரம் வைத்து விலை பேசுகிறோம் என்பதை நினைத்தால் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. இந்தக் காரியத்தை மொட்டைமாடியில் தொடங்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். மேல்நிலைத் தொட்டி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, அதில் வந்து விழுவது எந்தத் தண்ணீர் என்ற இரண்டையும் நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகு கடைக்குப் போவதே உசிதம்.

தண்ணீரை முதலில் எடுத்துக்கொள்வோம். ஜங்ஷனுக்கு வடக்கே மதுரை சாலையை ஒட்டிப் பரந்திருக்கும் தச்சநல்லூர், 1994-ஆம் ஆண்டில் திருநெல்வேலி மாநகராட்சி உருவானபோது அதனுள் அடங்கி, இன்று அதன் நான்கு மண்டலங்களில் ஒன்றாக விளங்குகிறது. இங்குள்ள பல வீடுகளுக்கு இரண்டு வகைத் தண்ணீர் உண்டு. ஒன்று மாநகராட்சிக் குழாயில் வருகிற ஆற்று ஜலம். பொதிகையில் பிறந்து, பாபநாசத்தில் மலையை விட்டிறங்கி, இரண்டு பருவமழைகளாலும் போஷிக்கப்பட்டு வருகிற தாமிரபரணியின் படுகையில் உறைகிணறுகளை இறக்கி, ஆற்று மணலே வடிகட்டிக் கொடுக்கிற நீரை இறைத்து ஊருக்கு அனுப்புகிறார்கள். மற்றொன்று வீட்டுக் கொல்லையில் ஆழத் துளையிட்டு எடுக்கிற போர் தண்ணீர். முகத்தைச் சற்றே சுளித்துக்கொண்டு உப்புத் தண்ணி என்றும் அதைச் சொல்லுவார்கள். நல்ல தண்ணீர் குடிப்பதற்கும் சமையலுக்குமென்று குடங்களிலும் தனித் தொட்டியிலும் நிறைந்துவிட, மோட்டார் போட்டு மாடிக்கு ஏற்றப்படுவது பெரும்பாலும் போர் தண்ணீராகவே இருந்துவிடுகிறது. ஆகவே, ஆற்றங்கரை ஊரில் குடியிருக்கிறோம் என்ற பெருமை நமக்கு எவ்வளவு இருந்தாலும், நம் வாஷ் பேசின் குழாய் அறிந்திருப்பது பாறை இடுக்குகளில் வெகு காலம் தங்கிக் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு வந்த கடின நீரைத்தான்.

கடினத்தன்மை என்பது வெறும் சோப்பு நுரையைப் பொறுத்த சங்கதி அன்று. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயமாகிய ஐ.எஸ். 10500, லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரையிலான கடினத்தன்மையை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடையாதவிடத்து 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் வரையறுத்திருக்கிறது. அந்த மேல் எல்லையை நெருங்குகிற நீர் குழாயின் வாயில் ஒவ்வொரு சொட்டாகக் காயும்போதும், தண்ணீர் ஆவியாகிப் போய், சுண்ணாம்பு மட்டும் வெள்ளைப் படலமாக நின்றுவிடுகிறது. முதலில் வாயிலுள்ள சல்லடையின் கண்கள் அடைபடுகின்றன. பிறகு நீர் நேரே விழாமல் கோணலாகப் பீய்ச்சுகிறது. கடைசியில் கைப்பிடியே இறுகிப் போகிறது. கறுப்பு நிறக் குழாய்களை ஆசையோடு வாங்கிப் பொருத்தியவர்கள் இந்த வெள்ளைத் திட்டுகளைத் துடைத்தே அலுத்துப் போவதைக் கண்டிருக்கிறேன். போர் தண்ணீர் ஓடுகிற வீட்டில் பழைய வெள்ளிநிறக் குரோம் பூச்சே உத்தமம். அதில் கறை படாமலில்லை, கண்ணுக்குச் சட்டென்று தெரிவதில்லை, அவ்வளவுதான்.

இனி, உயரம். அநுபவமுள்ள பிளம்பர் ஒருவரிடம், வெளிநாட்டு மாதிரியில் வந்திருக்கும் ஒற்றைக் கைப்பிடிக் குழாய் ஒன்றைக் காட்டி இது எப்படி என்று கேட்டுப் பாருங்கள். அவர் குழாயைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்.

“அண்ணாச்சி, டேங்கு எத்தன அடி ஒசரத்துல இருக்கு? அத மொதல்ல சொல்லுங்க, பொறவு டேப்பப் பாப்போம்.”

“மொட்டமாடில செங்கக் கட்டு மேல வச்சிருக்கு தம்பி. ரெண்டடி இருக்கும்.”

“அப்பம் இது சரிப்படாது அண்ணாச்சி. அழுதுகிட்டுதான் வரும்.”

இந்தக் கேள்விக்குள் ஒரு பௌதிக சாஸ்திரமே அடங்கியிருக்கிறது. பத்து மீட்டர் உயரமுள்ள நீர்த்தம்பம் தன் அடியில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ எடையளவு அழுத்தம் தருகிறது; இதையே குழாய்க் கம்பெனிகள் தோராயமாக ஒரு ‘பார்’ என்று குறிப்பிடுகின்றன. தரைத்தளம் மட்டுமுள்ள ஒரு வீட்டில், பத்தடி உயரத்துக் கூரைமேல் இரண்டடிச் செங்கற்கட்டும், அதன்மேல் தொட்டியில் இரண்டடித் தண்ணீரும் இருப்பதாக வைத்துக்கொண்டால், மூன்றடி உயரத்திலுள்ள பேசின் குழாய்க்கும் நீர்மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் பதினோரு அடி, அதாவது மூன்றேகால் மீட்டருக்குச் சற்று அதிகம். கிடைக்கிற அழுத்தம் ஒரு பாரில் மூன்றில் ஒரு பங்குதான். மாடிப்படி அறையின் தலைமேல் தொட்டியை ஏற்றிவிட்டால் இன்னும் எட்டடி கூடி அரைப் பாரைத் தாண்டும். மாடி வீடாக இருந்து, குழாய் கீழ்த்தளத்தில் இருந்தால் இன்னும் நல்லது. அதே வீட்டின் மாடிக் குளியலறைக்கோ பழைய கதைதான்.

ஐரோப்பிய நகரங்களில் தெருக்குழாயின் அழுத்தமே நேராக வீட்டுக்குள் பாய்வது சாதாரணம்; அங்கே வகுக்கப்படுகிற குழாய்கள் ஒன்று முதல் ஐந்து பார் வரையிலான அழுத்தத்தை எதிர்பார்த்தே உருவாகின்றன, குறைந்தது அரைப் பாராவது வேண்டும் என்று அவற்றின் கையேட்டிலேயே எழுதியிருக்கும். உள்ளே வழி குறுகல். வாயிலோ நீரை மேலும் நெருக்குகிற சல்லடை. மூன்றில் ஒரு பார் மட்டுமே உள்ள நம் வீட்டில் அது அழுதுகொண்டு வருவதில் ஆச்சரியம் ஏதுமில்லை. துவாரம் வழியே பாய்கிற நீரின் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தை அநுசரித்து மாறுவதால், அழுத்தம் நாலில் ஒரு பங்காகக் குறைந்தால் வரத்து பாதியாகக் குறையும். பிரஷர் பம்ப் ஒன்றை வாங்கி மாட்டிவிடுங்கள் என்று கடைக்காரர் யோசனை சொல்லக்கூடும். கை கழுவும்போதெல்லாம் மாடியில் ஒரு மோட்டார் உறுமுவதும், எங்கோ ஒரு குழாய் சொட்டினால் நள்ளிரவில் அது தானாகத் தட்டி எழுந்திருப்பதும் யாருக்குச் சம்மதமோ அவர்கள் வாங்கிக்கொள்ளலாம். பலமாடிக் கட்டடத்தின் மேல்தளத்துக்கு அது நியாயமான ஏற்பாடு. ஒரு சாமானிய வீட்டில், குழாய்க்காகப் பம்ப் வாங்குவதைக் காட்டிலும் தொட்டிக்கேற்ற குழாய் வாங்குவது எளிது.

அத்தகைய குழாய் எது? அதற்குக் குழாயின் வயிற்றுக்குள் சற்றுப் பார்க்க வேண்டும். நம் முன்னோர்களுக்கு இந்தப் பிரச்சினையே கிடையாது. தாமிரபரணியின் குறுக்குத்துறைப் படித்துறையில் இறங்கினால் ஆறே முகம் கழுவும் தொட்டி. வீட்டில் முற்றத்து ஓரத்தில் ஒரு செம்பும் தண்ணீரும். அழுத்தத்தோடு வருகிற நீரைத் திருகாணி ஒன்றால் அடக்குகிற குழாய், இங்கிலாந்தில் ராதர்ஹாம் நகரத்துக் கெஸ்ட் அண்டு கிரைம்ஸ் என்ற ஸ்தாபனத்தாரால் 1845-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றது. கைப்பிடியைத் திருகத் திருக, ஒரு தண்டு கீழே இறங்கி, தன் நுனியிலுள்ள தோல் அல்லது ரப்பர் வாஷரை நீர் வருகிற வாயின்மேல் அழுத்தி மூடும். தெருமுனைக் குழாய் முதல் பள்ளிக்கூடத்துக் குழாய் வரை நாம் திருகித் திருகிக் கை வலித்தவை எல்லாம் இந்த வம்சத்தைச் சேர்ந்தவையே. வாஷர் தேய்ந்தால் சொட்டும். சொட்டுகிறதென்று இன்னும் பலமாகத் திருகுவோம். திருகத் திருக வாஷர் மேலும் நசுங்கும். ஆனாலும் அதற்கு ஒரு குணம் உண்டு: எந்தச் சின்னக் கடையிலும் வாஷர் கிடைக்கும், யாரும் அதை மாற்றிவிடலாம்.

இப்போது வருகிற கால்சுற்றுக் குழாய்களில் வாஷர் இல்லை. கண்ணாடிபோல் மெருகேற்றிய இரண்டு செராமிக் வில்லைகள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி நிற்கின்றன. கைப்பிடியைக் கால்வட்டம் திருப்பினால் மேல்வில்லையின் துவாரம் கீழ்வில்லையின் துவாரத்தோடு பொருந்தி நீருக்கு வழி விடுகிறது. திருகும் பலம் வேண்டாம். கீல்வாதமுள்ள கிழவிகூட விரலின் புறத்தால் தள்ளித் திறக்கலாம். அந்தச் செராமிக் ஆற்று மணலை விடக் கடினமான வஸ்து, எனவே மணல் அதை எளிதில் கீறிவிடாது; ஆயினும் வில்லைகளுக்கிடையே மணல் சிக்கினால் அவை சரிவரப் பொருந்தாமல் நீர் கசியும், சுற்றியுள்ள ரப்பர் வளையங்களும் கெட்டுப்போகும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டித் தாமிரபரணி கரை புரண்டபோது, உறைகிணறுகளும் குழாய்களும் சேதமாகி ஊருக்குக் குடிநீர் தடைப்பட்டதை நாம் மறந்திருக்க முடியாது. அத்தகைய வெள்ளத்துக்குப் பின் வருகிற கலங்கல் நீரில் வண்டலும் மணலும் கலந்து வருவது இயல்பு. போர் தண்ணீரிலும் கோடையில் மணல் ஏறுவதுண்டு. தொட்டியை ஆண்டுக்கு இருமுறையேனும் கழுவுகிற வீட்டில் கால்சுற்றுக் குழாய் நெடுநாள் உழைக்கும். கழுவாத வீட்டில் எத்தனை விலை கொடுத்த குழாயும் உழைக்காது.

ஆக, தச்சநல்லூரைப் போன்ற ஊரில், மேல்தொட்டியை நம்பியிருக்கும் வீட்டுக்கு, குளிர்ந்த நீர் மட்டும் வருகிற கால்சுற்றுத் தூண் குழாய் — கடையில் பில்லர் காக் என்று கேளுங்கள் — போதும் என்று தயங்காமல் சொல்லுவேன். வெந்நீரும் தண்ணீரும் கலந்து தருகிற மிக்சர் குழாயைப் பலர் கௌரவத்துக்காக வாங்குகிறார்கள். அதன் ஒற்றைக் கைப்பிடி மாதிரி அமெரிக்காவில் பிறந்தது. 1937-ஆம் ஆண்டில் ஆல்பிரட் மோயன் என்ற மாணவர், இரட்டைத் திருகுக் குழாயில் திடீரென்று பாய்ந்த வெந்நீரால் கை சுட்டுக்கொண்டதிலிருந்து ஒற்றைக் கைப்பிடி யோசனையைப் பெற்று, பத்தாண்டு கழித்து அதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பனி பெய்கிற தேசத்தில் அது மகத்தான சௌகரியம். சித்திரை வெயிலில் மாடித் தொட்டியின் தண்ணீரே கையைச் சுடுகிற திருநெல்வேலியில், முகம் கழுவுவதற்கென்று கீஸர் குழாயைப் பேசின் வரை இழுத்து வருவது எதற்கென்று எனக்கு விளங்கவில்லை. போதாததற்கு, கைப்பிடியை நடுவில் வைத்துத் திறக்கிற வழக்கத்தால், நாம் அறியாமலே கீஸரிலிருந்து பாதி நீர் கிளம்பி, குழாய்க்கு வந்து சேருமுன் நாம் கை கழுவிவிட்டுப் போய்விடுவோம். காய்ச்சிய வெந்நீர் சுவருக்குள்ளேயே ஆறிக் கிடக்கும். மார்கழியில் வெந்நீர் தேவைப்படுகிற நோயாளியோ கைக்குழந்தையோ உள்ள வீடு விதிவிலக்கு.

உலோகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாற்றம் அதிகம் நடப்பது அங்கேதான். நல்ல குழாயின் உடல் பித்தளை; செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. இந்த ஆற்றங்கரையில் செம்புக் கலவைகளின் சரித்திரம் மிகப் பழையது. ஸ்ரீவைகுண்டத்துக்கு அருகே ஆதிச்சநல்லூரில் 1876-இல் ஜாகோர் என்ற ஜெர்மானியரும், 1899 முதல் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீயும் அகழ்ந்தபோது, தாழிகளோடு அழகிய வெண்கலப் பாத்திரங்களும் கிடைத்தன. மூடிகளின்மேல் பறவையும் மிருகமும் வார்த்த அக்கைத்திறத்தை இன்றும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் காணலாம். இத்தனை நூற்றாண்டுகளாக மண்ணுக்குள் கிடந்தும் உருக்குலையாத உலோகக் குடும்பத்தின் வாரிசை விட்டுவிட்டு, மேலே குரோம் பூசிய துத்தநாக வார்ப்பை அதே விலைக்கு வாங்கி வருகிறோம். துத்தநாகக் கலவை நீர்பட்டு உள்ளிருந்தே அரிக்கப்பட்டு, ஒருநாள் கழுத்திலே முறிந்து கையோடு வரும்.

இரண்டையும் பிரித்தறிவது எப்படி? காந்தம் வைத்துப் பார்க்கச் சிலர் சொல்லுவார்கள். பித்தளையிலும் காந்தம் ஒட்டாது, துத்தநாகத்திலும் ஒட்டாது, ஆகையால் அந்தப் பரீட்சை இரும்பை மட்டுமே காட்டிக்கொடுக்கும். கையில் தூக்கிப் பார்ப்பதே மேல். ஒரே பருமனுள்ள பித்தளை துத்தநாகக் கலவையை விடக் கால் பங்குக்கு மேல் கனம் கூடியது. குழாயைத் தலைகீழாகத் திருப்பினால் பூச்சுப் படாத மரைப் பகுதியில் பித்தளையின் மஞ்சள் நிறம் தெரிய வேண்டும். சாம்பல் நிறம் தெரிந்தால் மறுபேச்சில்லாமல் திருப்பி வைத்துவிடலாம். ஐ.எஸ்.ஐ. முத்திரையையும், அதோடு ஐ.எஸ். 8931 என்ற எண்ணையும் தேடுங்கள். செம்புக் கலவையில் செய்த அலங்காரக் குழாய்களுக்குரிய இந்தியத் தரம் அது. வார்ப்பும் கடைசலும் எளிதாவதற்காகப் பித்தளையில் சிறிது ஈயம் சேர்ப்பது தொழில் வழக்கம். அமெரிக்காவில் குடிநீர்க் குழாய்களுக்கு அந்த ஈயத்தை 2014 முதல் கால் சதவீதத்துக்குள் அடக்கிவிட்டார்கள். ஈயம் கலந்திருக்கக் கூடுமாகையால், இரவெல்லாம் குழாய்க்குள் தேங்கிய முதல் நீரைச் சிறு குழந்தைக்கு வாய் கொப்புளிக்கக் கொடுக்காமல், இரண்டு கை அளவு கீழே விட்டுவிடுவது நல்ல பழக்கம்.

பிளாஸ்டிக் குழாயை இகழ்கிற கூட்டத்தில் நான் சேரமாட்டேன். பி.டி.எம்.டி. என்று கடையில் சொல்லுகிற கெட்டிப் பிளாஸ்டிக்கில் துரு இல்லை, ஈயம் இல்லை, உப்புத் தண்ணீர் அதை அரிப்பதுமில்லை. வாடகை வீட்டுக்கும் கொல்லைப்புறத் தொட்டிக்கும் அது மிகப் பொருத்தம். பிளம்பர் குறடு போட்டு அளவு மீறி இறுக்கினால் மரை வெடித்துவிடும் என்பது ஒன்றே அதன் பலவீனம்.

பூச்சின் ஆயுள் வாங்குகிறவரை விடத் துலக்குகிறவர் கையில் இருக்கிறது. பித்தளையின்மேல் நிக்கல் படலமும், அதன்மேல் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத குரோமியப் படலமும் சேர்ந்ததே அந்தப் பளபளப்பு. கழிவறைக்கு வாங்கிய ஆசிட்டை மிச்சப்படுத்துவானேன் என்று குழாயிலும் ஊற்றினால், சுண்ணாம்போடு பூச்சும் சேர்ந்து போய்விடும். பாத்திரம் தேய்க்கும் பொடியும் கம்பி நாரும் அவ்வாறே. நீர் கலந்த வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ துணியை நனைத்துச் சற்று நேரம் சுற்றி வைத்து, பிறகு நல்ல நீரால் கழுவித் துடைத்தால் வெண்கறை விட்டுவிடும். வாய்ச் சல்லடையைக் கழற்றி அதே கரைசலில் ஊறவைக்கலாம்.

அந்தச் சல்லடைக்குள்தான் ஏரேட்டர் என்கிற சிறு கருவி இருக்கிறது. காற்றை நீரோடு கலந்து, குறைந்த நீரைக் கனத்த தாரையாகக் காட்டுகிற தந்திரம் அதனுடையது. 2022 ஏப்ரலில் மத்திய வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற விவகார அமைச்சகம் ‘பாரத் டேப்’ என்ற பெயரில், குறைந்தது 40 சதவீத நீரைச் சேமிக்கும் குழாய்களைப் பரப்புகிற முயற்சியைத் தொடங்கியது. 2024-இல் தண்ணீர்ப் பஞ்சத்தில் தவித்த பெங்களூரில், அந்நகரக் குடிநீர் வாரியம் ஹோட்டல்களுக்கும் அடுக்குமாடிக் கட்டடங்களுக்கும் ஏரேட்டரைக் கட்டாயமாக்கியது. போற்றத்தக்க ஏற்பாடுகளே. எனினும், மூன்றில் ஒரு பார் அழுத்தமுள்ள வீட்டில் மிகச் சிக்கன ஏரேட்டரை மாட்டினால் முகம் கழுவ ஒரு யுகம் ஆகும். அங்கே கழற்றிக் கழுவத்தக்க சாதாரணச் சல்லடையே போதும், இயற்கையே சிக்கனம் செய்துவிடுகிறது. சேமிப்பில் உண்மையான அக்கறை இருந்தால் சொட்டுவதை நிறுத்துவதில் தொடங்கலாம். நொடிக்கொரு சொட்டு வீதம் ஒழுகுகிற குழாய் ஒரு நாளில் சுமார் 20 லிட்டரை வீணாக்குகிறது. பெரிய குடம் ஒன்று நிரம்பி வழிகிற அளவு.

அளவெடுக்காமல் வாங்குகிறவர்களையும் எச்சரிக்க வேண்டும். பேசினின் ஓரத்துத் துவாரம் வழக்கமாக 35 மில்லிமீட்டர் விட்டமுள்ளது. அதில் பொருந்தினால் மட்டும் போதாது. நீர் விழுகிற புள்ளி பேசினின் பின்சுவரை ஒட்டி இருந்தால், கை முழுவதும் பீங்கானில் உரசும். வடிகால் துவாரத்தின் நேர்மேலே விழுந்தால் சட்டை நனையும். அதற்குச் சற்றுப் பின்னே சரிவில் விழுவது உத்தமம். மேடைமேல் கிண்ணத்தை வைத்தாற்போல் இருக்கிற பேசின்களுக்கு உயரமான குழாய் வேண்டும், அதைச் சாதாரணப் பேசினில் பொருத்தினால் தாரை உயரத்திலிருந்து விழுந்து கண்ணாடி வரை தெறிக்கும்.

பொருத்துகிற நாளில், சுவரில் நீரை அடைத்துத் திறக்கிற ஆங்கிள் காக்கையும் பின்னல் கம்பி போர்த்த இணைப்புக் குழாயையும் புதிதாகவே போடச் சொல்லுங்கள். பழைய இணைப்புக் குழாய் வெடித்து வீடு குளமாவது குழாய் கெடுவதை விட அடிக்கடி நடக்கிறது. புதுக் குழாயை மாட்டுமுன், ஆங்கிள் காக்கைத் திறந்து ஒரு வாளி நீரை வெறுமனே பிடித்துவிட வேண்டும். சுவர் கட்டும்போது உள்ளே விழுந்த சிமென்டும் மணலும் டெஃப்லான் துணுக்கும் அதில் வந்துவிடும். அவசரக்கார பிளம்பர்கள் இதைச் செய்வதில்லை. ஆகையால் அருகில் நின்று செய்விப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. கூடவே, அந்த மாடலுக்குரிய செராமிக் வில்லைகள் அடங்கிய கார்ட்ரிட்ஜ் ஒன்றைக் குழாய் வாங்குகிற அன்றே தனியாக வாங்கி, பில்லோடு சேர்த்துப் பத்திரப்படுத்தி விடுங்கள். கம்பெனிகள் மாடலை மாற்றிக்கொண்டே இருக்கின்றன. சில வருஷம் கழித்துக் குழாய் கசியத் தொடங்கும்போது, அதற்கான உதிரிப் பாகம் வருவதில்லை, புதுக் குழாயே வாங்கிக்கொள்ளுங்கள் என்ற பதிலைத்தான் கடையில் சொல்லுவார்கள்.